கேள்விகளை எழுதாத கூட்டக் குறிப்பு

என் அன்பு அத்தான்,

அங்கேயும் உங்களைப் 'பதில்' என்று சொல்லி நிரந்தரமில்லாத ஏதாவது கதிரையில் இருத்தி வைத்திருக்கிறார்களா? கேட்கக் கூடாத கேள்விதான். நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள். அக்கா சிரிக்கமாட்டார். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகியும் அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். நம்முடைய பேஸ்போல் கழகத்துக்கு மறுபடியும் முகாமையாளர் தேடுகிறார்கள். இந்த வருடம் அணி ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. துறைமுகப் பக்கத்து மைதானத்துக்கு இப்போது ஆட்களைவிட மான்கள்தான் அதிகம் வருகின்றன.

அணி இப்படிக் கிடக்கும்போதுதானே அவர்களுக்கு உங்கள் ஞாபகம் வரும்? இரண்டு தடவை அப்படித்தான் பதில் முகாமையாளராகக் கூப்பிட்டார்கள். கிளிவெட்டிப் பொடியன்மாரையும் தோப்பூர்ப் பொடியன்மாரையும் நகரத்துச் சிங்களப் பொடியன்மாரையும் ஒன்றாக நிறுத்தி, அவரவர் மொழியில் ஏசி, அணியைத் தூக்கி நிறுத்தினீர்கள். நிறுத்தியதும், "இனி நிரந்தரமாக ஒருவரைப் போடுவோம்" என்பார்கள். அந்த ஒருவர் ஒருநாளும் நீங்களாக இருந்ததில்லை. இரண்டாம் தடவை மஞ்சுள வந்தார். மூன்று வருடம் தோற்றார், யாரும் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் இரண்டு ஆட்டம் தோற்றால் கூட்டம் கூடுவார்கள்.

மஞ்சுளவை வெறுக்கவும் ஏலாது, அதுதான் கரைச்சல். ஆட்டம் தொடங்குமுன் துடுப்பாட்ட வரிசைத் தாளை முகாமையாளர்தான் நடுவரிடம் கொடுக்க வேண்டும். எழுதுவது உதவியாளரான நீங்கள், நடந்துபோய்க் கொடுப்பது அவர். உங்கள் செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "எழுதினது எல்லாம் இவர். நான் கொண்டு போய் குடுத்தது மட்டும்" என்று அரைகுறைத் தமிழில் சொல்லி அழுதார். அதைக் கழகத்திலும் சொல்லியிருக்கலாம். நானும்தான் சொல்லியிருக்கலாம்.

நீங்களும் மஞ்சுளவும் வந்த அந்த நேர்முகப் பரீட்சையில், கேள்வி கேட்கும் மேசையில் நான் ஒருவன்தான் தமிழன். குறிப்பு எழுதும் செயலாளர். உங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "சிங்களப் பிள்ளைகளோடு எப்படிக் கதைப்பீர்கள்?" நீங்கள் நல்ல சிங்களத்திலேயே பதில் சொன்னீர்கள். மஞ்சுளவுக்கு அப்போது தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அவரிடம் மொழியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் தலைவர் காரணம் சொன்னார், நான் எழுதினேன்: 'மொழியாற்றல் போதாது.' பேனையைக் கீழே வைத்திருக்கலாம். ஏன் வைக்கவில்லை? பயமா, பழக்கமா?

வழக்கம்போலக் குறிப்பை அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தீர்கள். "எழுத்து வடிவாக் கிடக்கு, மச்சான்" என்றீர்கள். அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது உங்கள் மகன் ஜூட் அதே பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறான். நாளைக்கு நேர்முகப் பரீட்சை. உங்கள் பழைய சப்பாத்தைத் துடைத்து வைத்திருக்கிறான். வேண்டாமடா என்று சொல்ல வாய் வரவில்லை.

நேற்று அக்கா குசினியில் அடுப்பைப் பார்த்து, முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"அவரைக் கேள்வி கேக்கேக்க நீயும் அந்த மேசையிலதானே இருந்தனி?"

"ஓமக்கா."

"நாளைக்கும் இருப்பியோ?"

"இருப்பன்."

"இருந்து என்ன செய்யப் போறாய்?"

எனக்கு அங்கே வாக்களிக்கக் கை உயர்த்தும் உரிமைகூட இல்லை. விலகினால் அந்த மேசையில் தமிழ் தெரிந்த ஒருவரும் இருக்கமாட்டார். இருந்தால் அவனுக்கும் அதே வரியை என் கையாலேயே எழுத வேண்டி வருமோ?

ஒன்று மட்டும் செய்யலாம். எங்கள் குறிப்பில் முடிவை மட்டுமே எழுதுவது வழக்கம், கேள்விகளை எழுதுவதில்லை. நாளை எழுதுவேன். ஜூட்டிடம் என்ன கேட்டார்கள், மற்றவர்களிடம் எதைக் கேட்கவில்லை, எல்லாவற்றையும் எழுதுவேன். அதனால் அவனுக்குப் பதவி கிடைக்கும் என்று சொல்ல ஏலாது. தாளைக் கிழித்தாலும் கிழிப்பார்கள். ஆனால் அவர்கள் கிழிக்குமுன் பலகையில் ஒட்டிவிடுவேன். இது சத்தியம்.

இந்தமுறை எழுத்து வடிவாக இருக்காது, அத்தான். அவர்கள் கேட்கக் கேட்க, ஒன்றும் விடாமல் ஓடி எழுத வேண்டும்.

அக்காவின் தம்பி,
உங்கள் மச்சான்
அன்ரன்