பின்பக்கம் ஓடிய கடிகாரம்

அன்புள்ள சின்னு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம் என்று முதலில் எழுதிவிடுகிறேன், மீதியைப் படித்துவிட்டு அதை நம்புவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள். உன் இருமல் நின்றதா? காதை மூடாமல் குளிரில் வெளியே போகாதே.

பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு உன் அப்பா பெண்டுலம் கடிகாரம் செய்ய உட்கார்ந்தது உனக்குத் தெரியும். பேட்டரி கடிகாரத்தின் மிஷினைப் பிரித்து, அதை ஓட்டுகிற சர்க்யூட்டைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கிற காயில் என்கிற கம்பிச் சுருளில் வேறு ஒயரைப் பற்றவைப்பார், பெண்டுலம் ஆடுகிற ஆட்டத்துக்குத்தான் இனி முள் நகர வேண்டுமாம். அந்தச் சுருளின் கம்பி தலைமுடியைவிட மெல்லிசு. நடுங்குகிற வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு பற்றவைப்பார், அறுந்துபோகும், இன்னொன்றைப் பிரிப்பார். வீட்டில் ஒரு கடிகாரத்தையும் விட்டுவைக்கவில்லை, எனக்கு மணி சொல்வது பக்கத்து வீட்டு ரேடியோதான். பயிற்சி கொடுக்க வருகிற பெண்கூட, என் பயிற்சியைவிட இந்த வேலைதான் விரலைத் திருப்பிக் கொண்டுவருது, விட்டுடாதீங்க என்றாள்.

போன ஞாயிறு உன் மாமா குடும்பத்தோடு வந்திருந்தபோது, அப்பா எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திப் பெண்டுலத்தை ஆட்டிவிட்டார். அழகாக ஓடியது, ஆனால் முள் பின்பக்கமாகப் போனது. என் வாய் சும்மா இருக்கக் கூடாதா? ஆளு மாதிரியே கடிகாரமும் நாளுக்கு நாள் பின்னாடிதான் போகுது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினார். அதற்குப் பிறகு அந்த மேசைப் பக்கமே போகவில்லை. தானே போட்டுக்கொண்டிருந்த சட்டைப் பொத்தானை நேற்று நான்தான் போட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்டால், நீ சொன்னதுல என்ன தப்பு என்கிறார். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்க முடிந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

கடிகாரக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். காயிலைச் சுற்றியிருக்கிற தகட்டைப் புரட்டிப் போட்டா சரியாயிடும்மா என்றார். நானே பிரித்தேன். தகடு புரண்டது, கம்பியும் அறுந்தது. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். முன்பெல்லாம் அவருடைய ஸ்குரூ டிரைவரை இடம் மாற்றி வைத்தாலே கத்தித் தெருவையே கூட்டிவிடுவார். இப்போது, பரவாயில்லை விடு என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதனால் ஒன்று செய். போனில் பேசும்போது அவருக்கு ஆறுதல் சொல்லாதே, எனக்காகவும் பரிந்து பேசாதே. அம்மா எதுக்குப்பா உன் மிஷின்ல கை வெச்சா, அவளுக்கு மூளை இருக்கான்னு நீ ஆரம்பி. மறக்காதே. மீதியை அவர் திட்டட்டும்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, கண்ணு.

திட்டு வாங்கக் காத்திருக்கும்
அம்மா