நாலு மைல் தள்ளி வளர்ந்தவள்

அன்பு மகள் யூனாவுக்கு, அம்மா எழுதுவது. அப்பா, நான், கடை மூன்றும் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறோம், பெர்த் வெயிலில் நீயும் மாப்பிள்ளை மார்க்கும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும்.

போனில் சொன்னால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். நீ ஊர் திரும்பினால் வீடு கட்டிக்கொள்வாய் என்று கில்டரா கிராமத்தில் வாங்கிப் போட்ட நிலத்துக்குக் கவுன்சில் அனுமதி மறுத்துவிட்டது. கிராமத்தில் கட்ட வேண்டுமானால் அந்த வட்டாரத்தில் ஏழு வருஷமாவது குடியிருந்திருக்க வேண்டுமாம், நீ டவுனில் நம் ஹார்டுவேர் கடை மாடியில் வளர்ந்தவளாம். நாலே மைல்! என் கடை ஆணி இல்லாத கதவு ஒன்றை கில்டராவில் காட்டட்டும் பார்ப்போம். அதே வாரம் நம் நிலத்துக்கு எதிரே என் பழைய சிநேகிதி டெலியாவின் மகன் கோல்மனுக்கு அனுமதி வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் துபாயில் இருந்தவன், ஆனால் சின்ன வயதில் அங்கே வளர்ந்தவன், அது போதுமாம். அவன் அஸ்திவாரத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது, அதனால் இப்போதெல்லாம் பால் பண்ணை வழியாகச் சுற்றிப் போகிறேன்.

உன்னிடம் மறைப்பானேன். வீடு கட்டப் போவதாக அவர்கள் வேலியில் அறிவிப்பு ஒட்டியிருந்தபோதே ஆட்சேபணை எழுதி வைத்துவிட்டேன். வளைவில் வண்டி வருவது தெரியாது, வாசல் வைத்தால் விபத்துதான் என்று. எண் போட்டு எழுதினால் எடுபடும் என்று கடை டேப்பை எடுத்துக்கொண்டு மழையில் போய் அளந்தேன். டெலியா வந்துவிட்டாள். "என்னடி நோரீன், எங்க வேலிக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்றாள். டேப்பைச் சட்டென்று சுருட்டப் பார்த்தேன். அவளோ குனிந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இழுத்துப் பிடி, நாளைக்குத் தப்பா எழுதித் தொலைக்காதே" என்றாள். வண்டி தெரிய வேண்டிய தூரம் சரியாக இருந்தது, சரிக்கும் மேலேயே இருந்தது. ஆட்சேபணையை அடுப்பில் போட்டேன்.

நமக்கு மறுத்த மறுநாள் அவளே கடைக்கு வந்தாள். மேல்முறையீட்டுக்கு நாலு வாரம் இருக்கிறதே, அதில் காட்டுவதற்கு, நீ எட்டு வருஷம் அவர்கள் வீட்டிலேயே வளர்ந்தாய் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நீ அங்கே தங்கியது எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த இரண்டு வாரம்தான். "ரெண்டு வாரமோ எட்டு வருஷமோ, யாரு வந்து எண்ணப் போறா? எம்மவனுக்குக் கிடைச்சது உம்மவளுக்கும் கிடைக்கட்டுமே" என்றாள். கைக்கெட்டிய வீடு, யூனா. ஒரு ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிட்டேன். நேர்மை என்று நினைத்துவிடாதே. அவள் மகன் உண்மையைச் சொல்லி வாங்கிய அனுமதியை என் மகள் அவள் பொய்யில் வாங்கினால், செத்தாலும் அவள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியாது. "அளக்கத் தெரிஞ்ச அளவுக்கு உனக்குப் பிழைக்கத் தெரியலை" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிழைத்துக் காட்டியவளிடம் சொல்கிறாள்!

கேள் இப்போது. கடைக்குப் பின்னால் சிமெண்ட் அடுக்கும் முற்றம் இருக்கிறதே, அது டவுன் எல்லைக்குள். அங்கே கட்ட எங்கே வளர்ந்தாய் என்று ஒருவனும் கேட்க மாட்டான். அப்பா தன் பழைய டிராக்டரை எங்கே வைப்பது என்று முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும். வயல் பார்த்த வீடு கிடைக்காது, லாரிச் சத்தம் கேட்கும், அதை ஒளிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல், கோபித்துக்கொள்ள மாட்டேன், இரண்டு நாள் பேசாமல் இருப்பேன், அவ்வளவுதான்.

இரண்டு பேரும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், கடவுள் உங்களைக் காப்பார். இத்துடன் வைத்திருக்கும், முற்றத்தில் வீடு கட்ட அனுமதி கேட்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. வரைபடக்காரரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிட்டேன்: முன் ஜன்னல் கோல்மன் வீட்டு ஜன்னலைவிட ஓர் அடியாவது அகலமாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
நோரீன்