நான்காம் எண்ணில் மட்டும் ஓடிய விசிறி

அத்தை,

இன்று இயற்பியல் டீச்சர் மின்தடைப் பாடத்தைத் தொடங்கினார். மின்சாரத்தைத் தடுப்பதால் நமக்கு என்ன பயன், ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்கள் என்றார். சிலர் இஸ்திரிப்பெட்டி என்றார்கள், சிலர் ஹீட்டர் என்றார்கள். நான் எழுந்து, காரின் ஏசி விசிறி என்றேன். விசிறியின் வேகத்தைக் குறைக்க அதில் ஒரு சின்ன மின்தடை உண்டு, அது எரிந்துபோனால் விசிறி முழு வேகத்தில் மட்டும்தான் ஓடும் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினேன். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் தட்டு. அதில் மூன்று கம்பிச் சுருள்கள், ஒன்று கருகி அறுந்திருக்கும். வகுப்பு முழுவதும் அது கைமாறிப் போனது. எல்லாரும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்கள். இத்தனை மாதம் கழித்தும் கருகல் வாடை போகவில்லை. இது எப்படிக் கிடைத்தது என்று டீச்சர் கேட்டார். எங்கள் அத்தையின் காரில் இருந்தது என்றேன். அதற்கு மேல் அவரிடம் சொல்லவில்லை. மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்துக் கதையை நான் உங்களிடம் சொன்னதே இல்லை.

பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவில் வரை தினமும் உங்கள் வெள்ளைக் காரில்தான் போவோம். உங்களுக்கு ஆபீஸ், அக்காவுக்குக் கல்லூரி, எனக்குப் பள்ளிக்கூடம். நீங்கள் ஓட்டுவீர்கள், அக்கா உங்கள் பக்கத்தில் இருப்பாள். பின் சீட்டில் நானும் மூன்று சாப்பாட்டுப் பைகளும். நான் மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருப்பேன். நீங்கள் இருவரும் நான் படிப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். இறச்சகுளம் தாண்டும்போது பார்த்தால் பல நாள் பக்கமே புரண்டிருக்காது. முன்னால் நடக்கிற பேச்சில் ஒரு சொல்லையும் விடக்கூடாது என்று காது அங்கேயே கிடக்கும்.

ஒருமுறை அக்கா திரும்பிப் பார்த்துச் சொன்னாள், "ஏட்டி, ஒங் காது ரெண்டும் சீட்டைத் தாண்டி இங்க வந்துட்டு. எடுத்துக்கிட்டுப் போ."

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். அக்கா உங்களுக்கு எப்போதும் செல்லமாக "மக்கா". நான் வெறும் "ஏட்டி". அப்பாவுக்குத் தங்கை நீங்கள், எங்கள் இருவருக்கும் ஒரே அத்தை. ஆனாலும் அந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ நாள் மனதில் போட்டு உருட்டியிருக்கிறேன்.

பொங்கல் கழிந்த வாரத்தில் விசிறி கெட்டுப்போனது. காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகை ஒன்றில் வைத்தாலும் இரண்டில் வைத்தாலும் மூன்றில் வைத்தாலும் காற்று வராது. நான்கில் வைத்தால் மட்டும் ஒரே இரைச்சலாக வரும். தகரக் கூரையின் கீழே உட்கார்ந்து மழையைக் கேட்பதுபோல இருக்கும். அன்றிலிருந்து முன் சீட்டின் பேச்சு எனக்குக் கேட்காமல் போயிற்று. உதடு அசைவது தெரியும். அக்கா உங்கள் பக்கம் சாய்வது தெரியும். ஒருநாள் அவள் கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன். சாய்ந்து எட்டி, என்ன அத்தை என்று கேட்டால், "ஒண்ணும் இல்லட்டி, நீ படி" என்பீர்கள்.

அக்காவுக்கு யாரோ ஒருவன்மேல் பிரியம் வந்திருக்கிறது, அதைத்தான் உங்களிடம் சொல்லுகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சனிக்கிழமைகளில் நீங்கள் இருவரும் ரயிலேறித் திருவனந்தபுரம் போனீர்கள். ஆபீஸ் வேலை என்று வீட்டில் சொன்னார்கள். நீங்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தீர்கள், சூடு தாங்கவில்லை என்றீர்கள். முடி வெட்டும் கடைக்கும் கூடப் போனவள் அக்காதான். கண்ணால் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்ததை வைத்து உங்களைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. அவளுக்கு என்ன கிடைக்கிறது, எனக்கு என்ன கிடைக்கவில்லை என்று மட்டும்தான் யோசித்தேன்.

விசிறியைச் சரி செய்தால் பேச்சு கேட்கும். காரோடு வந்த கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். வீட்டில் எல்லாருக்கும் ஒரே தீர்ப்புத்தான், ஏசியில் கேஸ் தீர்ந்திருக்கும் என்று. குளிர் வருகிறதே, பிறகு எப்படி கேஸ் தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நான்கில் ஓடுகிறது என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, ஃபியூஸும் நன்றாக இருக்கிறது. வேகத்தைக் குறைக்கிற ஏதோ ஒன்றுதான் போயிருக்க வேண்டும். அதன் பெயரை அப்பாவின் ஃபோனில் தேடிக் கண்டுபிடித்து, ஒரு தாளில் எழுதி, படமும் வரைந்து வைத்தேன். அடுத்த சனிக்கிழமை நீங்கள் இருவரும் ரயிலுக்குப் போனதும், அத்தை வருவதற்குள் செய்துவிடலாம் என்று அப்பாவைப் பிடித்து உலுக்கினேன். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "செரி, அவளுக்கும் கொஞ்சம் சொகமா இருக்கட்டும்" என்று சாவியை எடுத்தார். அந்தப் பார்வைக்கும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

வடசேரியில் ஏசி மெக்கானிக் ஒருவர் முன் சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டின் கீழே தலையை விட்டு, கால் இரண்டையும் வெளியே நீட்டிப் படுத்தார். முன்னாலிருக்கும் பெட்டியைக் கழற்றி, இரண்டு திருகாணிகளை எடுத்து, இந்த மின்தடையை உருவி என் கையில் வைத்தார். விசிறிக்குள் சருகும் தூசியும் அடைத்து மோட்டார் திணறியிருக்கிறது, அதனால் இது சூடாகி எரிந்துவிட்டது என்றார். என் தாளைப் பார்த்துவிட்டு, பிள்ளை எழுதியிருப்பது சரிதான் என்று அப்பாவிடம் சொன்னார். அப்புறம் புதியதை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"போன மாசமே அவங்க வந்தாங்கல்லா? அப்பமே சொன்னேன், சின்ன சாமான், அரை மணிக்கூர் வேலைன்னு. இப்பம் வேண்டாம், இப்பிடியே இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போனாவ."

நேரமில்லாமல் சொல்லியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் இல்லாத எதையும் நான் அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்வதில்லை.

திங்கட்கிழமை காலையில் நீங்கள் திருகைத் தொட்டதும் ஒன்றிலேயே மெல்லிய காற்று வந்தது. கையை அப்படியே வைத்திருந்தீர்கள். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நீயா செய்தே? மிடுக்கிதான்" என்றீர்கள். கெட்டிக்காரி என்கிற அந்தச் சொல்லுக்காக நான் இன்னும் பத்துக் கையேடுகள் படித்திருப்பேன்.

ஆனால் பேச்சு வரவில்லை, அத்தை. கார் அவ்வளவு அமைதியாக இருந்தது, சாப்பாட்டுப் பையில் கரண்டி தட்டுவதுகூடக் கேட்டது. நீங்கள் தேங்காய் விலையைப் பற்றிச் சொன்னீர்கள், அக்கா பரீட்சைத் தேதியைச் சொன்னாள். மூன்று நாள் அப்படியே போயிற்று. நான்காம் நாள் புத்தேரி வருவதற்கு முன்னால் உங்கள் கை திருகுக்குப் போனது. ஒன்றிலிருந்து நேரே நான்குக்குத் திருப்பினீர்கள். இரைச்சல் எழுந்தது. அக்கா உங்கள் பக்கம் சாய்ந்தாள்.

அந்த இரைச்சல் யாருக்காக என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சரி செய்த விசிறியைக் கொண்டே என்னை வெளியே வைத்தீர்கள். அழவில்லை. மறுநாள் விடியற்காலையில் சாவியை எடுத்துப் போய், கையேட்டில் இருந்த படத்தைப் பார்த்து, விசிறியின் பச்சை ஃபியூஸைப் பிடுங்கிக் காம்பஸ் பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன்.

காலையில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனோம். பனி விலகாத நேரம், வெக்கை தெரியவில்லை. சாயங்காலம் அப்படி இல்லை. உங்கள் ஆபீஸ் வாசலில் பகல் முழுவதும் வெயிலில் கிடந்த கார். வடசேரியில் லாரிப் புகைக்குள் அரை மணி நேரம் நின்றோம். உங்கள் கழுத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கியது. நீங்கள் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். நான் காம்பஸ் பெட்டியைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன். புத்தேரிக் குளத்துக்குப் பக்கம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டி, கதவைத் திறந்து, வாந்தி எடுத்தீர்கள்.

அக்கா அதற்குள் இறங்கிச் சுற்றி வந்துவிட்டாள். அவள் பையில் துண்டு இருந்தது, தண்ணீர் இருந்தது, மாத்திரை இருந்தது. எங்கே பிடிக்க வேண்டும், எப்போது தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அந்த நிமிடத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"இந்த ஏசி இண்ணைக்குன்னு பாத்துப் போச்சே" என்றாள் அக்கா.

நான் காம்பஸ் பெட்டியைத் திறந்து ஃபியூஸை நீட்டினேன். அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. கையை ஓங்கிவிட்டாள்.

"அத்தைக்குக் கேன்சருட்டி. நீ என்ன காரியம் செய்திருக்க, தெரியுமா?"

நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். எதிரே இருந்த கடையில் சோடா வாங்கி வரச் சொல்லி அனுப்பினீர்கள். அவள் போனதும் என்னை முன்னால் கூப்பிட்டு, அவள் இடத்தில் உட்கார வைத்தீர்கள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், அப்பாவுக்கும் தெரிந்திருக்கும், அக்காவுக்குத்தான் எல்லாருக்கும் முன்னால் தெரிந்திருக்கும், எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன்.

நீங்கள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னீர்கள். "ஒங்கிட்ட சொன்னா நீ புக்கை எடுத்து வச்சுப் படிச்சிருவட்டி. எனக்கு எத்தன மாசம்னு எனக்கு முன்னாடி ஒனக்குத் தெரிஞ்சிரும். அத நான் தெனமும் கண்ணாடியில ஒம் மூஞ்சில பாக்கணும். அது எனக்கு முடியாது, கேட்டியா."

படிக்க மாட்டேன் என்றேன்.

"ஒன்னால முடியுமா?"

முடியும் என்றேன். நீங்கள் என் கையிலிருந்த ஃபியூஸை வாங்கவில்லை. நீயே மாட்டு என்றீர்கள். நான் குனிந்து மாட்டினேன். அக்கா சோடாவோடு வந்தாள், நான் பின்னால் போய்விட்டேன்.

அதன் பிறகும் முன் சீட்டு அவளுடையதுதான். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு உங்களோடு போனவளும் அவள்தான். ஆவணியில் நீங்கள் எங்களை விட்டுப் போனபோது உங்கள் தலைமாட்டில் இருந்ததும் அவள்தான். வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அவளைச் சுற்றி நின்று, எப்போது தொடங்கியது, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். என்னிடம் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. இப்போது காரை அவள் ஓட்டுகிறாள். சிக்னலில் நிற்கும்போது உங்களைப்போலவே கழுத்தை ஒரு பக்கம் சாய்க்கிறாள். அதைப் பார்த்தாலும் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் நான் படிக்கவில்லை, அத்தை. நீங்கள் இருந்தபோதும் படிக்கவில்லை, போன பிறகும் படிக்கவில்லை. நூலகத்தில் அந்த அலமாரிப் பக்கம் போவதில்லை. செய்தித்தாளில் அந்தச் சொல்லைக் கண்டால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். இந்த வருட அறிவியல் புத்தகத்தில் அது ஒரு பாடத்துக்குள் வருகிறது. புத்தகம் கிடைத்த அன்றே அந்தப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துவிட்டேன். புத்தகத்துக்கு நான் செய்த முதல் கெடுதல் அதுதான். அந்தப் பாடம் நடக்கும்போது என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தால் வெறுமனே விட்டுவிடுவேன். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

போன வாரம் அக்கா என் மேசையில் ஏதோ தேடும்போது அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். விரலால் பின்களைத் தடவிப் பார்த்தாள். நாங்கள் குளத்தங்கரையில் பேசியபோது அவள் சோடாக் கடையில் இருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

"இது என்னத்துக்குட்டி?" என்றாள்.

நான் புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்தேன். இரண்டாம் முறையும் கேட்டாள். முகம் வாடிப் போயிருந்தது. பின் சீட்டில் அதே முகத்தோடு நான் எத்தனையோ நாள் இருந்திருக்கிறேன்.

ஒன்றும் இல்லை என்றேன்.