கண்ணாடிக்கு இடமில்லாத கணக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பியும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் தினமும் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறேன். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஸ்பீக்கரில் போடு என்பார், அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. உன்னிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. வாயைத்தானே திறக்கக் கூடாது, எழுதலாம் என்று நானே அதற்கு ஒரு அர்த்தம் செய்துகொண்டேன்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் நீ வந்திருந்தபோது எங்களைச் சுற்றி உட்கார வைத்துப் போட்டுக் கொடுத்த திட்டப்படிதான் வீடு நடக்கிறது. சம்பளம் கைக்கு வந்த அன்றைக்கே சேமிப்புப் பங்கை பேங்கில் போட்டுவிட வேண்டும், மிச்சத்தில்தான் மாதத்தை ஓட்ட வேண்டும் என்றாயே, முதல் இரண்டு மாதம் எனக்கு மூச்சு முட்டியது, இப்போது பழகிவிட்டது. மளிகையை மொத்தக் கடையில் வாங்கி எதிர் வீட்டுக்காரியோடு பாதிப் பாதி பிரித்துக்கொள்கிறேன், அவள் அரிசியைப் பிரிக்கும்போது மட்டும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. பருப்பை முன்னாடியே ஊற வைத்துவிடுவதால் சிலிண்டர் முன்பைவிட நன்றாகவே தாங்குகிறது. டிவி கனெக்ஷனை நிறுத்தியதும் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், பிறகு அவனே பாட்டுக் கேட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு முடி வெட்டுவதும் இப்போது அப்பாதான், முதல் தடவை ஆடு மேய்ந்த மாதிரி இருந்தது, காலேஜுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனான். நான் வேலை செய்யும் திரைச்சீலைக் கடையில் வெட்டி மிஞ்சும் துண்டுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், நம் வீட்டுத் தலையணை உறையெல்லாம் அதில் தைத்ததுதான், ஒன்றுக்கொன்று சேராது, தூங்குகிறவனுக்கு அது எங்கே தெரியப் போகிறது. எதையாவது வாங்கத் தோன்றினால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், அப்புறமும் வேண்டுமென்றால் வாங்குங்கள் என்று நீ சொன்ன யோசனைதான் எல்லாவற்றிலும் பெரியது. என் ஆசைகளில் பாதி வியாழக்கிழமைக்குள் செத்துவிடுகின்றன. இப்படியெல்லாம் சேர்த்ததில், நீ மாதா மாதம் அனுப்பும் பணமும் சேர்ந்து, நாம் வாடகைக்கு இருக்கும் இதே வீட்டை விலைக்கு வாங்க வீட்டுக்கார அம்மா கேட்ட முன்பணத்தில் முக்கால்வாசி சேர்ந்துவிட்டது, சொன்ன தேதிக்குள் கொடுத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

இனிமேல் சொல்லப் போவதைப் பதறாமல் படி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் மூக்குக் கண்ணாடி, அவர் ஓட்டும் ஸ்கூல் வேனுக்கு டயர் மாற்றும்போது கீழே விழுந்து ஒரு பக்கம் விரிசல் விட்டிருக்கிறது. பசை போட்டு ஒட்டிக்கொண்டு வந்தார், நான் பார்த்துவிட்டு மாற்றிவிடுங்களேன் என்றேன், ஓட்டுறதுக்கு இது போதும், அடுத்த மாசம் பாத்துக்கலாம் என்றார். அந்த அடுத்த மாதம் வந்தது, போனது, அதற்கடுத்ததும் வந்து போனது. விரிசல் ஒரு பக்கம் இருக்கட்டும், கண்ணின் பவரே மாறிப்போயிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குச் சொல்லவில்லை. செய்தித்தாளைப் படிக்காமல் மடித்து வைத்துவிட்டு, இதுல என்ன இருக்குது, எல்லாம் பழைய கதை என்பார், நானும் நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு நாள் காலையில் பிள்ளைகளை ஸ்கூலில் இறக்கிவிட்டு வேனை ஷெட்டுக்குள் பின்பக்கமாக விட்டிருக்கிறார். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா, ஆயா என்பது வேலைக்குப் பெயர்தான், என்னைவிட வயதில் சின்னவள், பின்னால் நின்று வாங்க வாங்க என்று கை காட்டியிருக்கிறாள். அப்புறம் நிறுத்துங்க என்று கை காட்டியது இவருக்குத் தெரியவில்லை. அவள் கத்திக்கொண்டே பக்கவாட்டில் பாய்ந்துவிட்டாள், வேன் தூணில் மோதிப் பின் விளக்கு நொறுங்கிவிட்டது. அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

அப்பா வீட்டுக்கு வந்து, விளக்கு உடைந்துவிட்டது, சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் அந்த ஆயாவே முழங்காலில் கட்டோடு படியேறி வந்தாள். அக்கா, கோவிச்சுக்காதீங்க, அண்ணன் நல்ல மனுஷன், அவரு பொழப்புல மண்ணப் போடணும்னு நான் வரல, ஆனா அவருக்குக் கண்ணு சரியாத் தெரியல, கொஞ்ச நாளா நான்தான் முன்னாடி உக்காந்து பள்ளம் மேடு, ஆள் அரவம் எல்லாம் சொல்லிக்கிட்டே வர்றேன், புள்ளைங்க இருக்குற வண்டி அக்கா என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன், குடிக்காமல் எழுந்து போய்விட்டாள். அப்பா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஏங்க இப்படிப் பண்ணீங்க, யாரு உங்ககிட்ட கண்ணாடிய மிச்சம் பிடிக்கச் சொன்னது என்று கேட்டேன். உன் பொண்ணு போட்ட கணக்குல கண்ணாடிக்கு எங்க இடம் இருக்கு, நான் ஒருத்தன் அதுல கை வெச்சா தேதி தள்ளிப் போயிடாதா என்றார். அவர் உன்னைக் குறை சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆனால் ஒன்று, விஷயம் வெளியே வந்த பிறகு அப்பா மழுப்பவில்லை. மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு நேராக வேன் முதலாளியிடம் போய், எனக்குப் பார்வை சரியில்ல, புதுக் கண்ணாடி வர்ற வரைக்கும் நான் வண்டியத் தொட மாட்டேன், வேற ஆளப் போட்டுக்கங்க என்று சொல்லிவிட்டார். வேலையே போனாலும் போகட்டும் என்று துணிந்துதான் போயிருக்கிறார். முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இத முதல்லயே சொல்லியிருந்தா என் லைட்டாவது மிஞ்சியிருக்கும்ல என்றாராம், வேலையை விட்டு நிறுத்தவில்லை, வண்டி எடுக்காத நாள்களுக்குச் சம்பளம் கிடையாது என்றார், விளக்குக்கும் பிடித்துக்கொண்டார். அது நியாயம்தான். ஆயாவின் முழங்காலுக்கு ஆன மருந்துச் செலவை அப்பா அவள் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். கண் டாக்டர் இவரை நன்றாகக் காய்ச்சி எடுத்துவிட்டார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், என் பங்கையும் சேர்த்து அவரே திட்டிவிட்டதால் எனக்கு வேலை மிச்சம். கண்ணாடிக் கடையில் இருப்பதிலேயே மலிவான ஃபிரேமை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு இதுவே நல்லாத்தானே இருக்கு என்றார். ஃபிரேம் எதுவாவது இருந்துவிட்டுப் போகட்டும், லென்ஸ் நல்லதாகத்தான் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கண்ணாடி கைக்கு வந்து போட்டுக்கொண்டதும் என்னை உற்றுப் பார்த்து, உனக்கு எப்படி இவ்வளவு நரைச்சுது என்று கேட்டார். நீங்க பாக்காத நேரமாப் பாத்து நரைச்சுது என்றேன். கடைக்காரப் பையன் சிரித்துவிட்டான்.

இதிலெல்லாம் அந்த மாதச் சேமிப்பு மொத்தமும் போய், முன்னாடி சேர்த்ததிலும் கொஞ்சம் எடுக்க வேண்டியதாகிவிட்டது. நான் வீட்டுக்கார அம்மாவிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லி, இரண்டு மாதம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். அந்த அம்மா யோசித்துவிட்டு, பொறுத்துக்கறேன், வேற யாருக்கும் விலை பேச மாட்டேன், ஆனா அந்த ரெண்டு மாசத்துக்கு வாடகையக் கொஞ்சம் ஏத்திக் குடுத்துடு என்றார். இரக்கமும் காட்டினார், காசையும் விடவில்லை. நான் சரி என்று வந்துவிட்டேன். ஆகவே வீடு கை நழுவவில்லை, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

நீ போட்ட திட்டத்தில் நான் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வாடகை, மளிகை, கரண்டு, பஸ், தம்பியின் ஃபீஸ் என்று எல்லாவற்றுக்கும் பங்கு வைத்தோம், நம் உடம்புக்கு வைக்கவில்லை. இனிமேல் மாதா மாதம் சேமிப்புப் பங்கில் ஒரு சின்னத் துண்டை உடம்புக்கென்று தனியாக எடுத்து வைக்கிறேன். கண், பல், காய்ச்சல் எதுவானாலும் அதிலிருந்துதான், அதற்கு ஒரு வாரம் தள்ளிப் போடும் விதி கிடையாது. சோப்பு, துணி, டிவி எதை வேண்டுமானாலும் தள்ளிப் போடலாம். செலவைக் குறைப்பது வேறு, ஆளையே குறைப்பது வேறு, இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதமே இதற்காகத்தான். போன இரண்டு மூன்று தடவை வீடியோவில் பேசியபோது நீ சாப்பிட்டுக்கொண்டே பேசினாய். வலது பக்கம் மட்டும் மெல்லுகிறாய். தண்ணீர் குடிக்கும்போது தலையைச் சாய்த்துக்கொள்கிறாய். கேட்டால் ஒன்றுமில்லை என்பாய் என்று தெரிந்து கேட்கவில்லை. அங்கே பல் டாக்டரிடம் போனால் ஒரு மாதச் செலவே போய்விடும் என்று எப்போதோ நீயே சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கு மறக்கவில்லை. நீ அப்பாவின் பெண், அதனால்தான் பயமாக இருக்கிறது. இந்த மாதமும் அடுத்த மாதமும் எங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், அனுப்பும் கூலி வீணாகப் போகும், அது உனக்குத்தான் வயிற்றெரிச்சல். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் பல்லைக் காட்டு. வீடு எங்கேயும் போகாது, நாலு சுவர்தானே, நிற்கும்.

தம்பி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும், நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அம்மா

மறந்துவிடாதே: அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது கையில் ஏதாவது கடினமானதாக எடுத்துக்கொண்டு உட்கார், இடது பக்கம் மென்று காட்டு. அப்பா ஏன் என்று கேட்டால் நான் சமாளித்துக்கொள்கிறேன்.