தீர்ப்பு நம் பக்கம்

மே 9, திங்கள்
ஜெயித்துவிட்டோமாம். நடுக்கடல் பவளத்திட்டில் நம் மீனவர்கள் வழக்கம்போல மீன் பிடிக்கலாம், காற்று கெட்டால் திட்டு வளையத்துக்குள்ளே ஒதுங்கலாம், பெரிய நாட்டுக்காரன் தடுக்கக்கூடாது என்று ஐரோப்பாவில் இருக்கும் நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். கோயில் மணி ஓயவேயில்லை. டாசியோ தெருவுக்கே பான்சிட் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். "நாலு வருஷமா அவன் கப்பலப் பாத்து நான் ஓடினேன். இனிமே அவன் ஓடட்டும்டி!" என் புருஷனுக்கு வாய்க்கொழுப்பு.

மே 20
திட்டுக்கு மீன் பிடிக்கப் போனவர்கள் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். தண்ணீரைப் பீய்ச்சி விரட்டினார்களாம். திட்டு வாசலில் இன்னமும் பெரிய நாட்டுக் கப்பல்தான். கொழுந்தன் ருபென் கிண்டல் செய்தான்: "அண்ணே, தீர்ப்பு வந்த சேதி அவனுக்குத் தெரியாது போல. நீயே போய்ச் சொல்லிட்டு வாயேன்." டாசியோ சிரிக்கவில்லை.

ஜூன் 2
நம் அரசு கண்டனக் கடிதம் அனுப்பியதாம். எத்தனையாவது?

ஜூன் 17
நம் வழக்கறிஞர் கிளாரிசா ஊர்க்கூட்டத்துக்கு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன். "கோழி திருடினா போலீஸ் வந்து பிடிச்சுட்டுப் போகுது. இவங்கள யாரும்மா பிடிப்பா?"
"நாடுகளுக்கு மேல போலீஸ் இல்லக்கா. மத்த நாடுங்க சேர்ந்து நெருக்கணும், மானத்த வாங்கணும். ஐ.நா.வுக்குப் போனா, அங்க எதையும் தடுக்கிற ஓட்டு அவங்க கையிலயே இருக்கு."
பாவம், பொய் சொல்லத் தெரியாத பெண்.
வீட்டுக்கு வந்ததும் டாசியோ சொன்னார்: "மீனுக்குத் தடுப்பான். புயல்லயுமா தடுப்பான்? அவனும் கடல்காரன்தானே." காற்று மாறினால் எந்தக் கொடிப் படகுக்கும் உள்ளே இடம் உண்டு, அதுதான் திட்டின் வழக்கம். என் மாமனார் அங்கே வியட்நாம்காரர்களோடு ஒரே பானையில் சோறு தின்றிருக்கிறார்.

ஜூலை 3
காற்று. அவர் படகும் ருபென் படகும் வரவில்லை. மாதாவே.

ஜூலை 4
ருபென் வந்தான். தனியாக.
"கரைக்கு ஓடிடலாம்னேன் அண்ணி. 'கிட்டக்க இருக்கிறத விட்டுட்டு எதுக்குடா, தீர்ப்பே சொல்லியிருக்கே'ன்னு அண்ணன் திட்டுப் பக்கம் திருப்பிட்டாரு. நான் கரைக்குத் திருப்பிட்டேன்."
திட்டு வாசலுக்குக் குறுக்கே பெரிய நாட்டுக்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்களாம். ஒதுங்க இடம் கொடுங்கள் என்று டாசியோ ரேடியோவில் கேட்டுக்கொண்டே இருந்ததை ருபென் தன் படகிலிருந்து கேட்டிருக்கிறான். அப்புறம் சத்தமில்லை.

ஜூலை 9
துக்க வீட்டைப் பெருக்கக்கூடாது என்று நாத்தனார் துடைப்பத்தைப் பிடுங்க வந்தாள். உடம்பே வரல, எதுடி துக்க வீடு? மூலைமூலையாகப் பெருக்கினேன். அடப் பாவி மனுஷா, கரைக்கு வந்திருக்கக் கூடாதா?

ஆகஸ்ட் 1
கிளாரிசா வந்தாள். இன்னொரு கண்டனக் கடிதம் போயிருக்கிறது, இதில் டாசியோவின் பெயரும் இருக்கிறது. "புது வழக்குப் போடலாம்க்கா. நிச்சயம் ஜெயிப்போம்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். கையெழுத்துப் போட்டேன். ஜெயிப்போம், அதில் எனக்கும் சந்தேகமில்லை.

செப்டம்பர் 12
மத்தியானம் காற்று மாறியது. கடலில் இருந்த படகுகள் திட்டுக்குப் போவதா கரைக்கு வருவதா என்று ரேடியோவில் கேட்டன. கரையில் நின்றவர்களிடமிருந்து ரேடியோவை நான் வாங்கிப் பேசினேன்.
"தீர்ப்பு நம்ம பக்கம்தான் தம்பிகளா. கரைக்கு வந்துருங்க."
இருட்டுவதற்குள் எல்லாப் படகும் வந்துவிட்டன.