குழம்புச் சட்டியில் பேரிங்

ஜெரி அப்பாவுக்கு,

நண்டுக் குழம்பு குக்கரில் இருக்கிறது. குழம்புச் சட்டியில்தான் உன் படகு எஞ்சினின் பழைய பேரிங் டீசலில் ஊறுகிறதே, வேறு எதில் வைப்பேன்?

பத்து மணிக்கு மெக்கானிக் கோதண்டம் அண்ணன் வருவார். நேற்றே அவர் தெளிவாகச் சொன்னார்: "கிராங்க் நல்லா கீது, பாலிஷ் போட்டு மாட்டிக்கலாம். பேரிங் தேஞ்சி செம்பு தெரியுது நைனா, தூக்கிப் போடு." நீதான் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்ததும், "இன்னொரு சீசன் ஓடும், உனுக்கு இன்னா தெரியும்" என்று என் மேல் பாய்ந்தாய்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். படகுக்குப் புது பெயின்ட், புது ஹாரன், மாதா படத்துக்குப் புது சீரியல் பல்பு. நாலு பேர் கண்ணில் படுகிறதெல்லாம் புதுசு. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் மாதாவா இறங்கித் தள்ள வேண்டும்?

சட்டியை நீயே கழுவு. சாவி பக்கத்து வீட்டில்.

கரோலின்

பி.கு: பழசுதான் என்றால் பழசையே மாட்டு. ஆனால் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் முதல் நாள் கடலுக்கு நம் பையனுக்குப் பதில் நீ போ. வழக்கமாக நீ நிற்கும் இடத்தில், கரையில், ஜெரி நிற்கட்டும்.