கல்யாணச் சோறு தின்ன எருமைக்கடா

செவ்வாய்.
விடியலேருந்து தூறல். ஹார்பர் லைன் ரயில் லேட். மான்குர்த் கொட்டகைக்குப் போனா கடா எழும்பல. இடப்பக்கம் வயிறு உப்பி, வாயில நுரை. பக்கத்துல காலி அண்டா. நேத்து மண்டபத்துல மிஞ்சின கல்யாணச் சோத்தைக் கொழுந்தன் காதர் கொண்டாந்து கொட்டியிருக்கான். கேட்டா, "சோத்தைக் குப்பையில போடச் சொல்லுதியளா மைனி, பாவம்லா."

பாவமாம்! ஆண்கன்னுன்னு பால்பண்ணை தபேலாக்காரன் பால் குடுக்காம விரட்டினதத் தூக்கிட்டு வந்து, ரெண்டு வருஷத்துக்கு மேல பச்சப்புல்லும் வைக்கோலும் மட்டும் போட்டு வளத்தவ நான். சோளம், புண்ணாக்கு ஒரு பிடி காட்டினதில்ல. புல்லுல வளந்த எருமைன்னுதான் ஏழு வீட்டுல ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்குப் பங்கு சொல்லியிருக்காவ.

மாட்டு டாக்டர் வந்தாரு. புல்லு தின்னு பழகுன வயித்துல ஒரேயடியா அத்தன சோறு விழுந்தா புளிச்சு விஷமாயிருமாம். ஊசி. ஆப்பசோடா கரைச்சு ஊத்தினோம்.

புதன்.
நல்ல மழை. கடா சாணி போட்டுட்டுது. அல்ஹம்துலில்லாஹ்.
வாங்கணும்: பினாயில், கயிறு, மாமிக்குப் பிரஷர் மாத்திரை.
சாகுறதுக்கு முந்தி அறுத்து, குர்லாவுல ஒரு ஓட்டலுக்குத் தள்ளிருவோம்னு காதர் என் வீட்டுக்காரர் காதுல ஓதுதான். இவுகளும் தலையாட்டுதாவ. எனக்கு வந்த ஆத்திரத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேர் தலையிலயும் சாணியக் கரைச்சு ஊத்தியிருப்பேன்.

வெள்ளி.
வெயில். கடா புல்லு கடிக்கி. ஆனா நொண்டுது. முன்னங்கால் குளம்பு ரெண்டும் கொதிக்கி. சோத்து விஷம் குளம்புல இறங்கிட்டாம், ஆற மாசக்கணக்காகும்னு டாக்டர். போச்சு. நொண்டி குர்பானிக்கு ஆகாது, பச்சப்புள்ளைக்கும் தெரியும்.
காதர் சொல்லுதான், படுக்கப் போட்டுத்தான அறுக்கோம், நொண்டுனா யாரு பாக்கா? அவன் வாயில மண்ண அள்ளிப் போடணும்.

ஞாயிறு.
புழுக்கம். தாராவிக்குள்ள பங்குக்காரங்க வீட்டுக்கு விஷயத்தச் சொல்ல நானும் இவுகளும் போனோம். காதர் முந்திட்டான். வெறும் புல்லாப் போட்டு வளத்ததுல காலுக்குப் பலமில்லாமப் போச்சுன்னு ஏழு வீட்டுலயும் சொல்லி வச்சிருக்கான். ஏழு பேரும் கழண்டுக்கிட்டாவ. கடைசி வீட்டு அம்மா எனக்குப் புத்தி சொல்லுதா, அடுத்த கடாவுக்குக் கொஞ்சம் சோளம் போடுங்கன்னு. எனக்கு!

நான் இவுக பக்கம் திரும்பிக் கேட்டேன்: "காலக் கெடுத்தது என் புல்லா, உங்க தம்பி போட்ட சோறா? இங்கயே சொல்லுங்க."

இவுக வாசல்ல செருப்பத் தேடுதாவ.